நாய்க்குட்டியின் விலை யாது?

சென்ற ஆடி மாதத்தில், திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு விழாவைத் தரிசிக்கும் பொருட்டுக் குடும்பத்தோடு உடப்புக்குச் சென்றிருந்தோம். சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் பத்துளுஓயா என்னும் இடத்தில் இறங்கி, மேற்கே கடலை நோக்கித் திரும்பினால் அவ்வூரை அடையலாம். ஒருபுறம் பெருங்கடல்; மறுபுறம் களப்பு; இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள். எமது தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் அது. மைத்துனர் கரைவலைத் தொழில் செய்பவர்.

விழா முடிந்த மறுநாட் காலையில் மைத்துனர் தமது கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினார். அதிலே பஞ்சுப்பொதி போன்ற ஒரு வெள்ளைக் குட்டியின் படம் இருந்தது. பொமரேனியன் குட்டியாம், விலை 40,000 ரூபாவாம். பதினான்கு வயது நிரம்பப்போகும் எமது மருமகளுக்குப் பிறந்தநாட் பரிசாக அதனை வாங்கிக் கொடுக்க எண்ணியிருந்தார்.

“மச்சான், நீங்கள் படித்தவர். இந்த விலை கட்டுமா, சொல்லுங்கள்” என்றார்.

மருமகளோ கதவின் பின்னால் நின்று எமது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைக் கண்டபின் ‘கட்டும்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் புறப்படுதல் எளிது. ஆயினும், எமது வீட்டில் முன்னர் நேர்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. “ஒரு கடதாசியும் பேனையும் கொண்டு வா, பிள்ளை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்றோம். அன்று அத்திண்ணையில் இருந்து போட்ட கணக்கையே இங்கு வாசகர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதல்நாள் விலை

நம் நாட்டுப் பத்திரிகை விளம்பரங்களையும் கைத்தொலைபேசி விளம்பரங்களையும் நோக்கினால், சிற்றின நாய்க்குட்டிகளின் விலை சில பத்தாயிரங்களில் தொடங்கி, இலட்சம் ரூபாவைத் தாண்டியும் செல்வதைக் காணலாம். விலை இவ்வாறு ஏறி இறங்குவதற்குக் காரணங்கள் உள. இனம் ஒன்று, பெற்றோரின் வமிசாவளி மற்றொன்று. கெனல் அசோசியேஷன் ஒப் ஸ்ரீலங்கா என்னும் சங்கத்தில் வமிசம் பதியப்பெற்ற குட்டிக்கு ஒரு விலை. பத்திரமின்றி ‘நல்ல இனம்’ என்ற வாய்ச்சொல்லோடு மட்டும் வரும் குட்டிக்கு வேறொரு விலை. தடுப்பூசி ஏற்றப்பட்டதா, குட்டியின் வயதென்ன என்பனவும் விலையைக் கூட்டும்; குறைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நாகரிகம் என்ற ஒன்றும் விலையை நிர்ணயிக்கின்றது. பொமரேனியன் இனத்தையே எடுத்துக்கொள்வோம். போல்டிக் கடலோரத்திலுள்ள பொமரேனியா என்னும் குளிர்ப் பிரதேசத்தின் பெயரால் வழங்கப்படும் இந்நாய்கள், வடபுலத்தில் பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களின் வழிவந்தவை. ஒரு காலத்தில் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ளனவாக இருந்தன. 1888ஆம் ஆண்டில் இத்தாலியின் புளோரன்சு நகருக்குச் சென்ற விக்டோரியா மகாராணியார், மார்க்கோ என்னும் சிறிய பொமரேனியனைத் தம்மோடு கொண்டு வந்தார். மகாராணியார் வளர்ப்பதைக் கண்ட சீமாட்டிகள் தாமும் சிறியதே வேண்டுமென்றனர். வளர்ப்போரும் சிறியவற்றையே தேர்ந்து இனம்பெருக்கினர். இன்று அந்நாய் இரண்டு மூன்று கிலோ எடைக்குச் சுருங்கிவிட்டது. சிவாவா மெக்சிக்கோ நாட்டது. லாசா அப்சோ திபெத்து நாட்டது. டாக்ஷண்ட் ஜெர்மனியிலே வளை தோண்டும் விலங்குகளை வேட்டையாடப் பழக்கப்பட்டது. எங்கோ பிறந்த இவையெல்லாம் இன்று புத்தளத்து மணலிலும் உலாவுகின்றன.

இவ்வாறன்றி, விலையின்றிக் குட்டி பெறும் வழியும் உண்டு. ஈன்ற வீட்டாரிடமிருந்தும், கைவிடப்பட்ட பிராணிகளைப் பேணுவோரிடமிருந்தும் ஒன்றை எடுத்து வளர்க்கலாம். அங்கே பணம் கேட்பதில்லை. கேட்டாலும், ஊசிக்கும் மருந்துக்கும் ஆன செலவையே கேட்பர். “அப்படியானால் எடுத்து வளர்ப்பதுதான் இலாபம் அல்லவா, மாமா?” என்று மருமகள் வினவினாள். “கணக்கை முடித்தபின் நீயே சொல்” என்றோம்.

பதினெட்டில் ஒரு பங்கு

பொமரேனியன் போன்ற சிற்றின நாய்கள் பெரிய நாய்களிலும் நீண்ட காலம் வாழ்வன. பன்னிரண்டு முதல் பதினாறு ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு. நாம் நடுவே பதினான்கு ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டோம்.

உணவுக்கு நாளொன்றுக்கு 100 ரூபா என்று வைப்போம். சிறிய நாய் கொஞ்சமே தின்னும் என்பது உண்மை. எனினும் சோறு மட்டும் போதாது. மீனோ, முட்டையோ, இறைச்சியோ சேர வேண்டும். ஆண்டுக்கு 36,500 ரூபா. பதினான்கு ஆண்டுகளுக்கு 5,11,000 ரூபா. மிருக வைத்தியர், தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிக்கும் தெள்ளுக்குமான மருந்து, சோப்பு, சீப்பு ஆகியவற்றுக்கு மாதம் 1,000 ரூபாவாக ஆண்டுக்கு 12,000 ரூபா. பதினான்கு ஆண்டுகளுக்கு 1,68,000 ரூபா. இரண்டையும் கூட்டினால் 6,79,000 ரூபா ஆகின்றது. குட்டியின் விலையாகிய 40,000 ரூபாவையும் சேர்த்தால் 7,19,000 ரூபா.

“இப்பொழுது 40,000 ரூபா மொத்தத்தில் எத்தனையில் ஒரு பங்கு?” என்று கேட்டோம். மருமகள் வகுத்துப் பார்த்து, “ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு” என்றாள். மைத்துனர் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இவ்வெண்கள் நாம் எடுத்துக்கொண்டவை. வீட்டுக்கு வீடு அவை மாறும். விலைவாசி பதினான்கு ஆண்டுகளும் ஏறாது என்ற நடவாத காரியத்தையும் நாம் வைத்துக்கொண்டோம். ஆயினும் கணக்கு உணர்த்தும் உண்மை மாறுவதன்று. விலை கொடுத்து வாங்கிய குட்டிக்கும், விலையின்றி எடுத்த குட்டிக்கும் முதல்நாளில் மட்டுமே வேற்றுமை. மறுநாட் காலையிலிருந்து இரண்டினது பசியும் ஒன்றே. இரண்டினது ஊசியும் ஒன்றே. ஆதலின் ‘வாங்க முடியுமா?’ என்பது சிறிய கேள்வி. மாதந்தோறும் 4,000 ரூபாவுக்குச் சற்று மேலாக, பதினான்கு ஆண்டுகள் இடைவிடாது கொடுக்க முடியுமா என்பதே பெரிய கேள்வி.

கரையோர வாழ்வில் இக்கேள்வி மேலும் கூர்மையுடையது. தென்மேற் பருவக்காற்று வீசத் தொடங்கினால் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓய்ந்துவிடும். தொழில் தேடிக் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து செல்வோரும் உளர். வருமானம் பருவத்தைப் பார்த்து வரும். நாயின் பசியோ நாள்தோறும் வரும். 2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதி செய்யப்படும் பிராணி உணவும் மருந்தும் அருமையாயின. அதற்கு முன்னர், 2020இலும் 2021இலும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலத்தில் துணைக்கென்று குட்டி வாங்கியோர் உலகெங்கும் பலர். அவர்களுட் சிலர் பின்னர் அவற்றைத் தெருவில் விட்டதையும் கண்டோம். அவர்கள் கொடியவர்கள் அல்லர். கணக்கின் முதல் வரியை மட்டும் பார்த்தவர்கள்.

எமது வீட்டில் நேர்ந்தது

பிறருக்குப் புத்தி சொல்ல முன்வந்த நாம் எமது பிழையையும் ஒளிக்காது கூறுதல் வேண்டும். 2017ஆம் ஆண்டில் எமது மகனின் விருப்பத்துக்கிணங்கிச் சிறிய குட்டி ஒன்றை வாங்கினோம். விற்றவர் பெயர் இங்கு வேண்டுவதில்லை. “ஊசியெல்லாம் போட்டாயிற்று, சேர்” என்றார், நம்பினோம். ஊசி அட்டையைக் கேட்கவில்லை. தாய் நாயைக் காட்டும்படியும் கேட்கவில்லை. ஒரு மாதமே நிரம்பிய குட்டி உள்ளங்கையில் அடங்கியதைக் கண்டு மகிழ்ந்தோமேயன்றி, தாயை விட்டுப் பிரிக்கக்கூடாத வயது அது என்பதை அறிந்தோமில்லை.

ஐந்தாம் நாள் குட்டி பால் குடிக்க மறுத்தது. ஆறாம் நாள் வாந்தி. பின்னர் இரத்தம் கலந்த கழிச்சல். பார்வோ என்னும் வைரசு நோய் என்றார் வைத்தியர். 1978ஆம் ஆண்டளவில் உலகில் முதன்முதலாகத் தலைகாட்டிய இந்நோய், தடுப்பூசி பெறாத குட்டிகளுக்கு யமனாய் வாய்த்துள்ளது. சேலைன் ஏற்றினோம்; இரவெல்லாம் விழித்திருந்தோம். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அது மகனின் பழைய சேட்டின் மேல் உயிர்விட்டது. வைத்தியத்துக்கான செலவு குட்டியின் விலையிலும் கூடுதலாக முடிந்தது. மகன் அழவில்லை, சில நாட்களுக்கு எம்மோடு பேசவுமில்லை. அறியாத விற்பனையாளரை நம்பியவர் தகப்பனார் என்பதை அவன் உணர்ந்திருந்தான். அந்த மௌனத்தையும் விலையிலே சேர்க்காவிட்டால் எமது கணக்கு நேர்மையான கணக்காகாது.

இக்கிருமி மண்ணில் மாதக்கணக்காக உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஆதலின் ஒரு குட்டி பார்வோவால் இறந்த வீட்டில் ஊசி பெறாத மற்றொரு குட்டியை உடனே கொண்டு வருதல் தகாது.

சிறிய உடல், பெரிய கவனம்

சிறிய நாய் என்றால் சிறிய தொல்லை என்பது பலரது எண்ணம். உண்மை அவ்வாறன்று. மிகச் சிறிய இனக் குட்டிகள் நெடுநேரம் உணவின்றி இருந்தால் இரத்தத்திலே சீனி குறைந்து, தள்ளாடி, மயங்கி விழும். ஆதலின் தொடக்கத்தில் நாளுக்கு நான்கு முறையேனும் உணவூட்ட வேண்டும். சிறிய தாடையிலே பற்கள் நெருங்கி முளைப்பதால் பல்நோய் விரைவில் வரும். முழங்காற் சில்லு இடம் பெயர்தலும், மூச்சுக்குழாய் தளர்ந்து இருமலெடுத்தலும் இவ்வினங்களிற் பெரும்பாலும் காணப்படுவன. கழுத்துப்பட்டியிற் கயிற்றைக் கட்டி இழுப்பதைவிட மார்பைச் சுற்றிக் கட்டும் வாரே இவற்றுக்கு ஏற்றது. கதிரையிலிருந்து குதித்தாலும் கால் முறியக்கூடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெப்பத்தில் மூச்சுவிடுதலே பெரும்பாடு. பனிநாட்டு ரோமத்தைப் போர்த்துப் பிறந்த பொமரேனியனுக்குப் புத்தளத்து நண்பகல் எவ்வாறிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். நிழலும் நீரும் காற்றும் அதற்குச் சலுகைகள் அல்ல, தேவைகள்.

உணவிலும் எச்சரிக்கை வேண்டும். கரையோர வீடுகளில் மீன் முள்ளும் கருவாட்டுத் துண்டும் நாய்க்குப் போடுவது வழக்கம். முள் தொண்டையிற் குத்தும். கருவாட்டின் உப்பு சிறிய உடலுக்கு ஆகாது. சமைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். வெங்காயமும் சொக்கலேற்றும் நாய்க்கு நஞ்சு. மீனை அவித்து, முள் நீக்கிச் சோற்றோடு பிசைந்து கொடுத்தால் அதுவே நல்லுணவின் பகுதியாகும். உண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சல் நம் நாட்டு நாய்களிடையே பரவலாக உள்ளது. ஆதலின் ரோமத்தை விலக்கிக் காதின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்கையும் நாள்தோறும் பார்த்தல் நன்று.

நாம் கொடாத விலையை யார் கொடுப்பர்?

இதுவரை சொன்னது நாம் கொடுக்கும் விலை. இனி, நாம் கொடாது விட்ட விலை எங்கே செல்கின்றது என்பதையும் பார்ப்போம். அது மறைந்துபோவதில்லை, வேறொருவர் தலையில் விழுகின்றது.

முதலாவதாக அதைக் கொடுப்பது தாய் நாய். நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஆண்டுக்கு இருமுறை பருவமடையும் அதனை ஒவ்வொரு முறையும் ஈனச் செய்து, பால் மறக்குமுன்னே குட்டிகளை விற்றுவிடுவோர் உளர். மலிவான குட்டிக்காக நாம் பேரம் பேசும்போது, எலும்பும் தோலுமாகக் கூட்டினுட் கிடக்கும் ஒரு தாயின் உடலிலிருந்தே அந்த மலிவு எடுக்கப்படுகின்றது. நாம் அவளைக் காண்பதில்லை, காணும்படி கேட்பதுமில்லை.

இரண்டாவதாகக் கொடுப்பது ஊர். கைவிடப்பட்ட வீட்டு நாய்க்குத் தெருவில் உணவு தேடத் தெரியாது. பிழைத்தால் பெருகும், பெருகினால் ஊசியின்றித் திரியும், ஒருநாள் பாடசாலை செல்லும் பிள்ளை ஒன்றைக் கடிக்கும். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் நீர்வெறுப்பு நோயால் இறந்தோர் 377 பேர். பின்னர் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் இயக்கம் நாடெங்கும் நடைபெற்றதாலும், கடியுண்டோருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் ஊசி கிடைத்ததாலும், அண்மைய ஆண்டுகளில் அத்தொகை இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. நாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை 2006இற் கைவிடப்பட்டு, ஊசியும் கருத்தடையும் வழியாகக் கொள்ளப்பட்டன. இது நம் நாடு பெருமைப்படத்தக்க காரியம். ஆயினும் அந்த இருபது முப்பதில் ஒருவராக நம் பிள்ளை இருந்தால் தொகை குறைந்ததென்று எவர் ஆறுதல் கொள்வர்?

நோயின் குறிகள் தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைத்தல் மிக அரிது. தடுப்பதோ மிக எளிது. 1885ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வெறிநாயாற் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் ஊசி ஏற்றிக் காப்பாற்றினார். அவர் மறைந்த செப்டெம்பர் 28ஆம் நாளே இன்று உலக நீர்வெறுப்பு நோய்த் தினமாக அனுட்டிக்கப்படுகின்றது. நாய் கடித்தாலோ, கீறினாலோ, காயத்தை ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிட நேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ‘எங்கள் வீட்டு நாய்தானே, சிறு குட்டிதானே’ என்று வாளாவிருத்தல் கூடாது. ஊசி பெறாத நாய், வீட்டு நாயாயினும் குட்டியாயினும், இந்நோயைத் தரக்கூடியது. நாய்க்கான நீர்வெறுப்பு ஊசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகின்றனர். நாயை வளர்க்கும் செலவுகள் அனைத்திலும் உயிர் காக்கும் செலவு ஒன்றே விலையற்றதாய் இருக்கின்றது. அதற்கு வேண்டுவது, நடமாடும் ஊசிச் சேவை ஊருக்கு வரும் நாளை அறிந்து நாயைக் கொண்டுபோகும் பொறுப்பு மட்டுமே.

மூன்றாவதாகக் கொடுப்பவர் அயலவர். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் கரையோரம் இது. நாயைத் தீண்டாத வழக்கமுடைய அயலவரும், குரைப்பொலியால் நோயாளியின் உறக்கம் கலையும் வீட்டாரும் நம் பக்கத்தில் இருக்கலாம். அவர்கள் வாசலை நம் நாய் அசுத்தம் செய்யாதவாறு பார்த்துக்கொள்வதும் வளர்ப்போன் கொடுக்க வேண்டிய விலையே.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

எடுத்து வளர்ப்போரும் விலை கொடுத்து வாங்குவோரும் கேட்க வேண்டியவை சில உள. குட்டிக்கு எட்டு வாரமாவது நிரம்பியதா? தாயை நேரிற் காணலாமா? தாய் உடல் நலத்தோடு உள்ளதா? ஊசி அட்டையில் ஊசியின் பெயரும் திகதியும் வைத்தியரின் கையொப்பமும் உள்ளனவா? பூச்சி மருந்து கொடுக்கப்பட்டதா? கண், மூக்கு, காது ஆகியன சுத்தமாக உள்ளனவா? பார்வோ முதலிய நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்திலே தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாக, பதினாறு வாரம் வரை தொடர வேண்டியது. ஆதலின் ‘ஒரு ஊசி போட்டாயிற்று’ என்பது தொடக்கமே; முடிவன்று. வீட்டுக்கு வந்தபின் 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி உள்ளூராட்சிச் சபையிற் பதிதலும், இனம்பெருக்கும் எண்ணமில்லையாயின் உரிய வயதிற் கருத்தடை செய்வித்தலும் கடன்.

பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் பரிசாகக் குட்டி கொடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். பிரித்தானியாவில் நாய்களைப் பேணும் சங்கம் ஒன்று 1978ஆம் ஆண்டிலே, நாய் என்பது நத்தார் நாளுக்கு மட்டும் உரியதன்று, அதன் ஆயுளுக்கும் உரியது என்னும் கருத்தை ஊரெங்கும் பரப்பத் தொடங்கியது. பரிசுப் பொருள் பிறந்தநாளோடு முடிவது. உயிர் அவ்வாறு முடிவதன்று.

கேட்கப்படாத ஒருவர்

கணக்கு முடிந்தது. மருமகள் கடதாசியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், “மாமா, பதினான்கு வருடத்தில் எனக்கு இருபத்தெட்டு வயது. நான் உயர்தரம் படிக்க விடுதிக்குப் போனால் இதற்கு யார் சோறு வைப்பது?” என்று கேட்டாள்.

திண்ணையில் இருந்த இரு ஆண்மக்களுக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. ரூபாவைக் கணக்கிட்டோம், சதத்தையும் கணக்கிட்டோம். நாலு வேளை உணவூட்டும் கையையும், இரவில் அழும் குட்டிக்காக எழும் கண்ணையும் எந்த வரியில் எழுதுவதென்று எண்ணவில்லை. மூவரும் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்த தங்கையிடம் அதுவரை எவரும் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை.

தங்கை கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். “அண்ணா, வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் ஆசை எனக்கும் தெரியும். ஆனால் பிறந்தநாளுக்கு என்று வர வேண்டாம். வாடிக்குப் பின்னால் அந்தச் சிவலை நாய் நாலு குட்டி போட்டுக் கிடக்கிறது. தைப்பொங்கல் வரைக்கும் பிள்ளை அதற்கு நாள்தோறும் தானே சோறு வைக்கட்டும். வைத்த நாளை எழுதட்டும். பிறகு பேசுவோம்” என்றாள். மைத்துனர் கைத்தொலைபேசியை மடியில் வைத்துவிட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதக் கதை படிக்கும் மரபு நெடுங்காலமாக உள்ளது. அக்கதையின் இறுதியில் தம்பியரும் திரௌபதையும் வழியில் ஒவ்வொருவராய் வீழ்ந்தபின், தருமரோடு கடைசி வரை நடந்தது ஒரு நாய் மட்டுமே. விண்ணுலகுக்கு அழைத்துச் செல்லத் தேரோடு வந்த இந்திரன், நாயை விட்டுவிட்டு ஏறும்படி கூறுகின்றான். தம்மை நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டாமென்று தருமர் மறுக்கின்றார். நாயாக வந்தவர் தருமதேவதையே என்பது பின்னரே தெரிகின்றது. அந்நாயைத் தருமர் விலை கொடுத்து வாங்கவில்லை. அதனைக் கைவிடாதிருப்பதற்காகச் சுவர்க்கத்தையே விலையாகக் கொடுக்க முன்வந்தார். முதல்நாள் விலைக்கும் கடைசிநாள் விலைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகச் சொல்லும் கதை வேறுண்டோ?

தைப்பொங்கலுக்கு மறுநாள் மீண்டும் உடப்புக்குச் சென்றோம். சிவலைக்கும் குட்டிகளுக்கும் நடமாடும் சேவையில் நீர்வெறுப்பு ஊசி போட்டாயிற்று. குட்டிகளுள் இரண்டை அயல் வீட்டார் எடுத்துச் சென்றனர். ஒன்று மழைக்காலத்தில் இறந்துவிட்டது. எஞ்சிய ஒன்று, சாம்பல் நிறமும் மடிந்த ஒற்றைக் காதுமாக, எமது தங்கையின் வாசற்படியிற் படுத்திருந்தது. பொமரேனியனைப் பற்றி எவரும் பேசவில்லை. அந்த 40,000 ரூபா சேமிப்புப் புத்தகத்தில் இருப்பதாகவும், பார்வோ ஊசிக்கும் கருத்தடைக்கும் அதிலிருந்து எடுக்கப்போவதாகவும் மைத்துனர் கூறினார்.

மருமகள் தனது கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். ஐந்து மாதத்துக்கு மேலாக ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. இரண்டே நாட்கள் வெறுமையாக இருந்தன. அவ்விரு நாட்களுக்கும் எதிரே, “மறந்துவிட்டேன், அம்மா வைத்தா” என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்.